சிவகாசிக்குக் குடிவந்த இரும்புக்கை

சென்னை மெட்ரோவில் வடக்கே போனால் திருவொற்றியூருக்கு அடுத்து விம்கோ நகர் வரும். விம்கோ என்பது ஏதோ ஒரு தலைவரின் பெயரோ பழைய கிராமத்தின் பெயரோ அல்ல, ஒரு தீப்பெட்டிக் கம்பெனியின் பெயர். வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி என்பதன் சுருக்கம். அந்தக் கம்பெனியோடு மல்லுக்கட்டி வளர்ந்த ஊர் ஒன்று தெற்கே இருக்கிறது. அந்த ஊர் அச்சகத்திலிருந்துதான் 1972 ஜனவரியில் இரும்புக்கை மாயாவி தமிழ்நாட்டுக்குள் நடந்து வந்தார்.

மாயாவியை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. உடலில் மின்சாரம் பாய்ந்ததும் ஆள் மறைந்துவிடுவார். எஃகுக் கை மட்டும் காற்றில் மிதந்து வரும். ஐம்பது வயதைத் தாண்டிய காமிக்ஸ் வாசகர்களிடம் கேட்டால் அவருடைய சாகசங்களைப் பெயர் பெயராக ஒப்பிப்பார்கள்: ‘பாம்புத் தீவு’, ‘உறைபனி மர்மம்’, ‘நாச அலைகள்’, ‘பாதாள நகரம்’, ‘நடுநிசிக் கள்வன்’. சாகசங்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கை கடந்து வந்த வழிதான் அவ்வளவாகத் தெரியாது.

வழியின் தொடக்கத்தில் நிற்பவர் ஹெச்.ஜி. வெல்ஸ். 1897-ல் அவர் எழுதிய ‘கண்ணுக்குத் தெரியாத மனிதன்’ நாவலில் கிரிஃபின் என்ற விஞ்ஞானி தன்னைத்தானே மறைத்துக்கொள்கிறான். ஆனால் உடைகள் மறைவதில்லை. ஆகவே குளிரில் துணியில்லாமல் அலைய வேண்டிய கதி. மறைந்திருக்கும் வலிமை கைக்கு வந்ததும் கிரிஃபின் திருடுகிறான், மிரட்டுகிறான், கடைசியில் அடிபட்டுச் சாகிறான். யார் கண்ணிலும் படாத ஒருவன் நல்லவனாக இருப்பானா என்பதுதான் வெல்ஸின் கவலை. அந்தக் கேள்வியை 65 ஆண்டுகள் கழித்து ஒரு சிறுவர் வாரப் பத்திரிகை மறுபடி கையில் எடுத்தது.

அதற்கு முன் தீப்பெட்டிக்கு வருவோம். 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டிகளுக்கு இந்தியாவில் வரி ஏறியது. அப்போது உலகத் தீப்பெட்டி வணிகத்தைத் தன் பிடிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தது ஐவர் க்ருகர் நடத்திய ஸ்வீடிஷ் மேட்ச் கம்பெனி. வரியைக் கட்டி ஏற்றி அனுப்புவதைவிட இங்கேயே செய்வது லாபம் என்று கணக்குப் போட்ட அந்தக் கம்பெனி 1923-ல் விம்கோவைத் தொடங்கியது. அதன் ஆலைகள் எழுந்த ஊர்களில் ஒன்று சென்னைக்கு வடக்கே கடலோரத்தில் இருந்த திருவொற்றியூர்.

கிட்டத்தட்ட அதே நேரத்தில், 1922-ல், மழை பொய்த்த கரிசல் பூமியான சிவகாசியிலிருந்து பி. ஐய நாடார், ஏ. சண்முக நாடார் என்ற இரண்டு உறவினர்கள் தீப்பெட்டி செய்யும் வித்தையைக் கற்றுக்கொள்ளக் கல்கத்தாவுக்கு ரயில் ஏறினார்கள். கற்றுத் திரும்பி ஊரில் தொழிலைத் தொடங்கினார்கள். ஸ்வீடன்காரர்களிடம் இயந்திரங்கள் இருந்தன. சிவகாசியிடம் கைகள் இருந்தன. குச்சி அடுக்குவதும் பெட்டி ஒட்டுவதும் வீட்டுத் திண்ணைகளில் நடந்தன. அந்தக் கைகளில் பல சிறுவர் சிறுமியருடையவை. சிவகாசியின் வளர்ச்சியைப் பற்றி எழுதும்போது இதை விட்டுவிட்டு எழுதக் கூடாது. பின்னாளில் அந்த ஊரிலிருந்து நாடு முழுக்கப் போன காமிக்ஸ் புத்தகங்களைப் படிக்க நேரமில்லாத பிள்ளைகள் அந்த ஊரிலேயே இருந்தார்கள்.

தீப்பெட்டியை விற்றது அதன் மேல் ஒட்டிய படம். எழுத்துத் தெரியாதவரும் கடையில் கிளி மார்க்கு, புலி மார்க்கு என்று கேட்டு வாங்கலாம். ஆயிரக்கணக்கான லேபிள்கள், பளிச்சென்ற வண்ணங்கள், மலிவான விலை இவையெல்லாம் வேண்டுமென்றால் அச்சு இயந்திரம் பக்கத்திலேயே இருக்க வேண்டும். தீப்பெட்டிக்குப் பின்னால் லித்தோ அச்சு வந்தது. அதன் பின்னால் பட்டாசு, பட்டாசுக்கும் லேபிள், பிறகு காலண்டர், பிறகு வாழ்த்து அட்டை, பாடநூல், நோட்டுப் புத்தகம். குட்டி ஜப்பான் என்று பெயர் வாங்கிய சிவகாசி ஒரு படம் அச்சிடும் ஊராக மாறியது இப்படித்தான்.

இந்தப் பக்கம் லேபிள் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் கடலுக்கு அப்பால் இன்னொரு தொழில் பிறந்தது. 1938-ல் ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க இளைஞர்கள் தங்கள் சூப்பர்மேனை 130 டாலருக்குப் பதிப்பாளரிடம் விற்றார்கள். சூப்பர்மேன் கோடிகளைச் சம்பாதித்தான். உருவாக்கியவர்கள் நீதிமன்றப் படி ஏறினார்கள், தோற்றார்கள், படைப்பிலிருந்து பெயரும் நீக்கப்பட்டது. சீகலின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சிவகாசிக்கு வரும் வழியில் அவரும் நம்மோடு சேர்ந்துகொள்வார்.

1962 அக்டோபர் 6. லண்டனில் ஃப்ளீட்வே நிறுவனத்திலிருந்து ‘வேலியண்ட்’ என்ற புதிய சிறுவர் வார இதழ் வெளிவந்தது. முதல் இதழிலேயே ‘எஃகு நகம்’ தொடங்கியது. எழுதியவர் கென் பல்மர் என்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். பேராசிரியர் பேரிங்கரின் ஆய்வுக்கூட உதவியாளர் லூயிஸ் கிராண்டல். விபத்தில் கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன். ஆய்வுக்கூடத்தில் நடந்த இன்னொரு விபத்தில் மின்சாரம் அவன் உடலில் பாய, ஆள் மறைந்து கை மட்டும் மிஞ்சுகிறது. வெல்ஸின் கிரிஃபினைப் போலவே கிராண்டலும் முதலில் செய்தது திருட்டுத்தான். தமிழில் நாம் கொண்டாடிய மாயாவி குற்றவாளியாகத்தான் தொழிலைத் தொடங்கினார். கதை வளர வளர மனம் திருந்தி, ‘நிழற்படை’ என்ற ரகசிய உளவுப் படையில் சேர்ந்தார். விரல்களுக்குள் துப்பாக்கியும் கைக்குள் ரேடியோவும் குடியேறியது அதற்குப் பிறகு. பின்னாளில் எழுத்துப் பொறுப்பு டாம் டல்லியிடம் போனது.

ஓவியர் ஆங்கிலேயரே அல்ல. ஹெசூஸ் பிளாஸ்கோ பார்சிலோனாக்காரர். 1919-ல் பிறந்தவர். உடன்பிறந்தவர்களும் ஓவியர்கள், குடும்பமே ஒரு பட்டறையாக உட்கார்ந்து வரைந்தது. அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் பதிப்பாளர்கள் ஸ்பெயினிலும் இத்தாலியிலும் இருந்த ஓவியர்களை முகவர்கள் வழியாகப் பிடித்து வேலை வாங்கினார்கள். லண்டனில் எழுதிய கதை ஸ்பெயினில் படமாகித் தபாலில் திரும்பும். எழுதியவர் பெயரோ வரைந்தவர் பெயரோ இதழில் வராது. வாராவாரம் காத்திருந்து படித்த இங்கிலாந்துச் சிறுவர்களுக்கும் பிளாஸ்கோ என்று ஒருவர் இருப்பது தெரியாது.

அவர் என்ன செய்தார் என்பதை ஓவியம் தெரிந்தவர்கள் இன்றும் வியப்போடு பார்க்கிறார்கள். கதாநாயகன் பாதிக் கட்டங்களில் கண்ணுக்கே தெரிய மாட்டான். முகம் இல்லை, கண் இல்லை, நடை இல்லை. இருப்பது ஒரு கை. அந்த ஒரு கையை வைத்துக்கொண்டு கோபம், தயக்கம், அவசரம் எல்லாவற்றையும் காட்ட வேண்டும். பிளாஸ்கோ அதைச் சுற்றியிருப்பவர்களின் முகங்களில் காட்டினார். சுவரில் விழும் நிழலில் காட்டினார். கனத்த கறுப்பு மையில் தெருவையும் மழையையும் கிடங்கின் மூலையையும் வரைந்து அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளைப் பளபளப்பாக அந்தக் கையை வைத்தார். மலிவான தாளில், மங்கலான அச்சில் பதித்தாலும் அந்தப் படங்கள் கெடவில்லை. பின்னால் தமிழில் மாயாவிக்குக் கிடைத்த வாழ்வில் இந்தக் கறுப்பு மைக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன். வண்ணத்தை நம்பி வரைந்த எத்தனையோ படங்கள் நம்மூர்ச் செய்தித்தாள் காகிதத்தில் செத்துப் போயிருக்கின்றன.

அதே 1962-ல் திருவொற்றியூரிலும் ஒன்று நடந்தது. இங்கிலாந்தின் ரெடிட்ச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனி, 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியிருந்தது. புல்லட் மோட்டார் சைக்கிளை முதலில் இங்கே பொருத்தினார்கள், பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கிப் பாகங்களைச் செய்யத் தொடங்கினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களும் இங்கேயே செய்யும் நிலை வந்தது. ரெடிட்ச் ஆலை 1967-ல் மூடப்பட்டது. 1970-ல் இங்கிலாந்தில் என்ஃபீல்டு தயாரிப்பே நின்றது. திருவொற்றியூரில் வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. கிராண்டலின் கதையும் ஏறக்குறைய இதே தடத்தில் போனது என்பதால்தான் இதைச் சொல்கிறேன்.

1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் பேட்மேன் தொடர் வந்து சக்கைப்போடு போட்டது. உலகம் முழுக்க முகமூடி மோகம். லண்டன் ஆசிரியர்களுக்கும் கை அரித்திருக்க வேண்டும். கோட்டும் சூட்டுமாக அலைந்த கிராண்டலுக்குச் சிறிது காலம் சூப்பர் ஹீரோ உடை மாட்டிவிட்டார்கள். பொருந்தவில்லை. மறைந்துபோகிற ஆளுக்கு மினுக்கும் உடை எதற்கு என்ற எளிய கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. உடை கழன்றது.

அதைவிட நல்ல காரியம் ஒன்றையும் ஃப்ளீட்வே செய்தது. 1967-ல் கையடக்கப் புத்தகங்களாக ஒரு வரிசையைக் கொண்டுவந்தது. வாராவாரம் காத்திருக்கத் தேவையில்லாத முழுநீளக் கதைகள். அதில் எஃகு நகத்துக்குப் பக்கத்து இருக்கை ஸ்பைடருக்கு. அமெரிக்க ஸ்பைடர்மேன் வேறு, இவன் வேறு. கூர்மையான காதும் கறுப்பு உடையுமாக, குற்ற உலகத்துக்கே அரசனாக ஆசைப்பட்டுப் பின்னால் நல்லவனாக மாறியவன். 1965-ல் ‘லயன்’ இதழில் டெட் கோவன் எழுத, ரெக் பன் வரையத் தொடங்கிய கதை இது. கொஞ்ச காலத்தில் எழுத்து வேலையை ஏற்றுக்கொண்டவர் யார் தெரியுமா? அமெரிக்காவில் வாய்ப்பு வறண்டுபோயிருந்த ஜெர்ரி சீகல். சூப்பர்மேனைப் பெற்றவர் லண்டன் வாரப் பத்திரிகைக்குக் கூலிக்கு எழுதிக்கொண்டிருந்தார், அங்கும் பெயர் போடாமல். அந்தக் கதைகளில் அவர் கற்பனை தறிகெட்டு ஓடியது. அதில் ஒரு சுதந்திரம் தெரிகிறது.

1970-ல் எஃகு நகத்தின் நீண்ட ஓட்டம் ‘வேலியண்ட்’டில் முடிந்தது. சிறிது காலம் திரும்பி வந்தும் பழைய வேகம் இல்லை. அதே ஆண்டில் எண்ணூர் அனல்மின் நிலையத்தின் முதல் அலகு மின்சாரம் தரத் தொடங்கியது. 1975-க்குள் அது 450 மெகாவாட் நிலையமாக வளர்ந்தது. மின்சாரம் குடித்து மறையும் ஒரு கதாநாயகன், ஊர் ஊராக மின்கம்பம் நட்டுக்கொண்டிருந்த ஒரு மாநிலத்துக்கு வந்து சேர்ந்தது இந்தக் காலத்தில்தான். பல வீடுகளில் ஸ்விட்சும் பிளக்கும் புதுப் பொருள்கள். அதற்குள் விரலை விட்டால் மாயாவி ஆகிவிடலாமா என்று யோசித்ததாகச் சொல்லும் வாசகர்கள் இன்றும் நிறையக் கிடைப்பார்கள். நல்லவேளையாக, யோசித்ததோடு நின்றவர்கள்.

சிவகாசியில் எம். சௌந்திரபாண்டியன் ஃப்ளீட்வே கதைகளின் உரிமையை வாங்கி முத்து காமிக்ஸைத் தொடங்கினார். ஆசிரியர் பொறுப்பில் முல்லை தங்கராசன். 1972 ஜனவரியில் முதல் இதழ், ‘இரும்புக்கை மாயாவி’. தமிழில் படக்கதை புதிது அல்ல. தினத்தந்தியில் 1960-லிருந்து ‘கன்னித்தீவு’ ஓடிக்கொண்டிருந்தது. டைம்ஸ் ஆஃப் இந்தியாவின் இந்திரஜால் காமிக்ஸ் 1964-ல் பம்பாயில் தொடங்கி, லீ ஃபாக்கின் வேதாளனைத் தமிழிலும் கொண்டுவந்திருந்தது. ஆனால் ஒரு பிரிட்டிஷ் நாயகனை முழுநீளக் கதையாக, மாதம் தவறாமல், தமிழ்நாட்டு அச்சகத்திலிருந்தே கொடுக்கும் முயற்சி வேறு வகை.

அங்கே நடந்த வேலையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ‘வேலியண்ட்’ பெரிய அளவு இதழ். தமிழ்ப் புத்தகம் சிறியது. ஆகவே ஒவ்வொரு ஆங்கிலப் பக்கத்தையும் கட்டம் கட்டமாக வெட்டி, புதிய பக்கத்துக்கு ஏற்ப அடுக்கி ஒட்ட வேண்டும். பேச்சுக் குமிழிகளில் இருந்த ஆங்கில எழுத்தை அழித்து, அதே இடத்தில் தமிழைக் கையால் எழுத வேண்டும். தமிழ் வாக்கியம் இடம் அதிகம் கேட்கும், குமிழி பெரிதாகாது. அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் சுருக்கினார்கள், வெட்டினார்கள், சில இடங்களில் மூலத்தில் இல்லாத பரபரப்பையும் சேர்த்தார்கள்.

ஒரு விளைவு எதிர்பாராதது. லண்டனில் கதை வாரம் சில பக்கமாகத்தான் வந்தது. அடுத்த வாரம் சிறுவன் கடைக்கு வர வேண்டுமென்றால் ஒவ்வொரு தவணையும் ஓர் ஆபத்தில் முடிந்தாக வேண்டும். ஒன்று மாயாவி கூரையிலிருந்து விழுவார், அல்லது உடல் மறுபடி தெரியத் தொடங்கிவிடும். இங்கிலாந்துச் சிறுவன் ஏழு நாள் காத்திருந்து பெற்ற மூச்சுத் திணறல், தமிழ்ச் சிறுவனுக்குப் பக்கத்தைப் புரட்டும் நேரத்தில் கிடைத்தது. ஒரே உட்காரலில் இருபது, முப்பது ஆபத்துகள். மாயாவி கதைகளின் வேகம் என்று நாம் புகழ்வதில் ஒரு பகுதி இப்படி வாரத்தவணைகளை நெருக்கி ஒட்டியதால் பிறந்தது. பிளாஸ்கோவோ பல்மரோ திட்டமிடாத வேகம் அது.

தாளும் சும்மா வந்துவிடவில்லை. அப்போது இந்தியாவில் செய்தித்தாள் காகிதம் செய்த ஒரே பெரிய ஆலை மத்தியப் பிரதேசத்தின் நேபா மில்ஸ். மீதித் தேவைக்கு வெளிநாட்டுக் காகித உருளைகள் சென்னை போன்ற துறைமுகங்களில் கப்பலிலிருந்து இறங்கின. யாருக்கு எவ்வளவு என்று 1962-லிருந்து அரசு ஒதுக்கீடு வேறு. 1972-ல் அந்தக் கட்டுப்பாடுகளை எதிர்த்துப் பத்திரிகைகள் உச்ச நீதிமன்றம் வரை போய் வென்றன. தாளுக்கு இவ்வளவு இழுபறி நடந்த அதே ஆண்டில், சிறுவர்களுக்காக ஒரு புதிய மாத வெளியீட்டைத் தொடங்கத் துணிந்ததை நான் சாதாரணமாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மாயாவியின் பின்னாலேயே ஃப்ளீட்வே கையடக்க வரிசையின் மற்றவர்களும் இறங்கினார்கள். ஜானி நீரோ தன் பெயரோடு வந்தார். பாரகுடாவும் கூட்டாளி ஃப்ரோலோவும் லாரன்ஸ்–டேவிட் ஆனார்கள். மாயாவி, லாரன்ஸ்–டேவிட், ஜானி நீரோ: வாசகர்கள் இவர்களுக்கு மும்மூர்த்திகள் என்றே பட்டம் கட்டினார்கள். சொந்த நாட்டில் அடுத்த வரிசையில் நின்ற லாரன்ஸும் டேவிட்டும் இங்கே முதல் வரிசைக்கு வந்துவிட்டார்கள்.

வடசென்னையில் இந்தப் புத்தகங்களின் வாழ்க்கை வேறு மாதிரி. பழைய வண்ணாரப்பேட்டை, தண்டையார்ப்பேட்டை, இராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வளர்ந்தவர்களிடம் பேசினால் பெட்டிக்கடைக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கிய அட்டைகளைச் சொல்வார்கள். காசு கொடுத்து அங்கேயே படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்த வாடகைக் கடைகளைச் சொல்வார்கள். ஒரு பிரதி எத்தனையோ கைகள் மாறும். அட்டை கிழிந்தால் பழுப்புத் தாளில் உறை, கடைசிப் பக்கம் போனால் முடிவை வாயால் கேட்டுக்கொள்ள வேண்டும். கப்பல் துறையிலும் லேத் பட்டறையிலும் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த அப்பாக்களும் அதை எடுத்துப் புரட்டினார்கள். எஃகுக் கையும் மின்சாரமும் ஆய்வுக்கூட விபத்தும் அந்தத் தெருக்களுக்கு அந்நியமான சங்கதிகளா என்ன? ஆலைச் சங்கை வைத்து நேரம் பார்த்த பகுதி அது.

1976 அக்டோபரில் ‘வேலியண்ட்’ நின்றுபோய் வேறொரு இதழோடு கலந்தது. இங்கிலாந்தில் எஃகு நகம் பழைய தாள் கட்டுகளுக்குள் போனது. அடுத்த ஆண்டு, 1977-ல், என்ஃபீல்டு இந்தியா தன் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்யத் தொடங்கியது. பிறந்த வீட்டுக்கு வண்டி திரும்பிவிட்டது. மாயாவி திரும்ப இன்னும் பல ஆண்டுகள் ஆகும்.

1984 தமிழ்க் காமிக்ஸின் பொன் ஆண்டு. அந்த ஜூலையில் ஒரே மாதத்தில் இரண்டு வெளியீடுகள் பிறந்தன. சென்னையில் தினத்தந்தி குழுமத்திலிருந்து ராணி காமிக்ஸ், ஜேம்ஸ் பாண்டின் ‘அழகியைத் தேடி’யோடு. சிவகாசியில் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன், பதினேழு வயதில், மாடஸ்டி பிளைசியோடு லயன் காமிக்ஸைத் தொடங்கினார். தொடங்கிய சில மாதங்களில் அவர் கையில் எடுத்த துருப்புச் சீட்டு ஸ்பைடர். ‘எத்தனுக்கு எத்தன்’ வந்ததும் வாசகர்கள் மொய்த்தார்கள். சீகலின் பெயர் தெரியாமலேயே தமிழ்நாட்டுச் சிறுவர்கள் அவருடைய கதைகளில் கிறங்கினார்கள். சூப்பர்மேன் திரைப்படமாகி உலகை வலம் வந்துகொண்டிருந்த அந்த ஆண்டுகளில், அவனைப் படைத்தவரின் இன்னொரு பிள்ளை தீப்பெட்டி ஊரில் செல்லமாக வளர்ந்துகொண்டிருந்தான். சீகலுக்கு இது தெரிந்திருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று நினைக்கவே எனக்குப் பிடித்திருக்கிறது.

புகழ் வந்தால் போலியும் வரும். இரும்புக்கை என்ற சொல்லுக்கே விற்கும் சக்தி வந்துவிட்டதால் அது வேறு கதைகளின் தலைப்பிலும் ஒட்டிக்கொண்டது. ‘இரும்புக்கை உளவாளி’ வந்தது. பிரெஞ்சுக் கௌபாய் கதை ஒன்று ‘இரும்புக்கை எத்தன்’ ஆனது. 1990-ல் ராணி காமிக்ஸ், இந்திரஜாலின் வேதாளனை எடுத்து ‘முகமூடி வீரர் மாயாவி’ என்று பெயர் சூட்டியது. அதனால் 90-களில் தமிழில் இரண்டு மாயாவிகள் உலவினார்கள். ஒருவர் லண்டன் மின்சாரத்தில் பிறந்தவர், இன்னொருவர் ஆப்பிரிக்கக் காட்டில் மண்டை ஓட்டுக் குகையில் இருப்பவர். எந்த மாயாவி நிஜ மாயாவி என்று பள்ளிக்கூடங்களில் அடிதடி வரை போன விவாதம் இது.

பிறகு தொலைக்காட்சி வந்தது, கேபிள் வந்தது, சிறுவர்களின் மாலை நேரம் பறிபோனது. பழைய பிரதிகள் கிடைக்கும் இடங்களும் சுருங்கின. சென்ட்ரல் பக்கத்தில் 1900-லிருந்து நின்ற மூர் மார்க்கெட் 1985 மே 30 அன்று தீயில் போனது. பழைய புத்தகங்களுக்குப் பேர்போன இடம். அன்று எரிந்த தாள்களில் எத்தனை படக்கதைகள் இருந்தனவோ. ராணி காமிக்ஸ் 500 இதழ்களோடு 2005-ல் நின்றது. லயனும் முத்துவும் நிற்கவில்லை, ஆனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாத நிலைக்கு வந்தன. அதே 2005-ல் விம்கோவும் ஐ.டி.சி. நிறுவனத்தின் கைக்குப் போனது.

மாயாவியின் ஆங்கில உரிமையோ விசித்திரமான வீடுகளில் குடியிருந்தது. ஃப்ளீட்வே, ஐ.பி.சி. என்ற பதிப்பகத்துக்குள் போனது. 2001-ல் ஐ.பி.சி.யை அமெரிக்காவின் டைம் வார்னர் வாங்கியது. சூப்பர்மேனை வெளியிடும் டி.சி. நிறுவனமும் அப்போது அதே டைம் வார்னருக்குச் சொந்தமாக இருந்தது. இப்படி சூப்பர்மேனும் ஸ்பைடரும் இரும்புக்கையும் ஒரே கூரைக்குக் கீழ் வந்தார்கள். சீகலின் இரண்டு பிள்ளைகளும் ஒரே முதலாளியிடம். 2005-ல் டி.சி.யின் கிளை ஒன்று ‘ஆல்பியன்’ என்ற தொடரைக் கொண்டுவந்தது. கதைத் திட்டம் ஆலன் மூர். எழுத்து அவருடைய மகள் லியாவும் மருமகன் ஜான் ரெப்பியனும். பழைய பிரிட்டிஷ் நாயகர்களையெல்லாம் அரசாங்கம் ரகசியச் சிறையில் அடைத்து, நாட்டையே மறக்க வைத்துவிட்டதாகக் கதை. அந்தச் சிறையில் கிராண்டலும் உண்டு. அந்தக் கதையை ஒரு தமிழ் வாசகர் படித்தால் முதலில் கேட்பது ‘யார் மறந்தது?’ என்பதாகத்தான் இருக்கும்.

சிவகாசியில் மறக்கவில்லை. 2012-ல் ‘லயன் கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. விஜயன் புத்தகத்தின் அளவை மாற்றினார், வழவழப்பான தாளுக்கு மாறினார், ஐரோப்பியக் கதைகளை முழு வண்ணத்தில் கொண்டுவந்தார், கடைகளை நம்பாமல் சந்தாவையும் புத்தகக் கண்காட்சியையும் நம்பினார். லக்கி லூக்கும் டெக்ஸ் வில்லரும் இந்தப் புதிய காலத்தின் நட்சத்திரங்கள். ஆனாலும் சென்னைப் புத்தகக் கண்காட்சியில் அந்த அரங்குக்குள் நுழையும் நடுத்தர வயதுக்காரர்கள் கேட்பது ‘மாயாவி இருக்கா?’ என்றுதான். அவர்களுக்காகப் பழைய கதைகள் மறுபதிப்பாயின. கறுப்பு வெள்ளைதான். பிளாஸ்கோவின் மை அதே கனத்தோடு இருக்கிறது. 2022 ஜனவரியில் முத்து காமிக்ஸ் பொன்விழா கண்டது. இரும்புக்கை பிறந்த பத்திரிகைக்குக் கிடைத்ததைப் போல் மூன்று மடங்குக்கும் மேலான ஆயுள்.

2018-ல் ரெபெல்லியன் என்ற ஆக்ஸ்ஃபோர்டு நிறுவனம் அந்தப் பழைய ஃப்ளீட்வே நாயகர்களின் உரிமையை வாங்கியது. கணினி விளையாட்டுகள் செய்யும் நிறுவனம், காமிக்ஸ் மீதும் காதல் உண்டு. 2021-ல் எஃகு நகத்தின் தொடக்கக் கதைகளைத் தொகுத்து வெளியிட்டது. எழுதியவர்கள், வரைந்தவர் பெயர்களோடு. பல்மர் 2005-லும் பிளாஸ்கோ 1995-லும் இறந்துவிட்டார்கள். தமிழ்த் திரையுலகில் இயக்குநர் லோகேஷ் கனகராஜ் ‘இரும்புக்கை மாயாவி’ தன் கனவுப் படம் என்று வெளிப்படையாகவே பேசியிருக்கிறார்.

லண்டன் தன் பெயரில்லாத கலைஞர்களுக்குத் தாமதமாகவாவது பெயர் கொடுத்துவிட்டது. சிவகாசியில் இன்னும் பாக்கி இருக்கிறது. ஆசிரியர்களும் பதிப்பாளர்களும் வரலாற்றில் இருக்கிறார்கள். ஆனால் பிளாஸ்கோவின் கட்டங்களைக் கத்தரித்து ஒட்டியவர்கள், குமிழிக்குள் ஆங்கிலத்தை அழித்துத் தமிழைத் தூரிகையால் எழுதியவர்கள், படத்தைத் தகட்டில் ஏற்றிய லித்தோ தொழிலாளர்கள் ஆகியோரின் பெயர்கள் பெரும்பாலும் எந்தப் பக்கத்திலும் இல்லை. 1972-ல் இருபது வயதில் வேலைக்குச் சேர்ந்தவருக்கு இப்போது எழுபதைத் தாண்டியிருக்கும். சிவகாசியின் அச்சகத் தெருக்களில் அவர்களைத் தேடிப் போய், பேசி, பதிவு செய்ய இன்னும் நேரம் இருக்கிறது. காமிக்ஸ் சேகரிப்பவர்களிடம் கைவசம் பிரதிகள் உண்டு, ஆர்வம் உண்டு. அந்த வேலையை அவர்கள் இந்த ஆண்டே தொடங்க வேண்டும்.